பசு நுழையாத வாசல்

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு கட்டினோம். சுவர் எழும்பி, கான்கிரீட் போட்டு, வாசலுக்குக் கதவு மட்டும் பாக்கி. லேத் பட்டறை நடத்தும் என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து உக்கடத்துப் பக்கம் போனார். அங்கே ஒரு பழைய மரக்கடையில், டவுனுக்குள் இடித்த வீடு ஒன்றின் தேக்குக் கதவு நிலையோடு சாய்ந்து கிடந்தது. மேலே தாமரை, இரண்டு பக்கமும் கிளி செதுக்கியிருந்தது. மனிதர் அதற்குப் பிறகு வேறு பேச்சே பேசவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிப் போனார். கடைக்கார பாய் நிலையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் நல்ல உயரம்.

"ஏனுங்க, இது உள்ளார போறவங்க குனிஞ்சு போகோணும்னு செஞ்சதுங்க. உங்களுக்குத் தோதுப்படாதுங்க."

"அதெல்லாம் பழகிக்கலாமுங்க பாய்."

விற்கிறவரே வேண்டாம் என்கிறாரே என்று நான் முழங்கையால் இடித்தேன். இவர் கிளியைத் தடவிக்கொண்டிருந்தார்.

கதவு லாரியில் வந்து இறங்கியதும் கொத்தனாருக்குச் சங்கடம். நிலையைத் தரையோடு வைத்தால் தலை இடிக்கும். உயர்த்தி வைத்தால் கீழ்ச்சட்டம் காலைத் தடுக்கும்.

"தலைக்குப் பாக்கறதுங்களா, காலுக்குப் பாக்கறதுங்களா?"

இவர் வெகுநேரம் யோசித்து, "ரெண்டுக்கும் நடுவால வெச்சுப்போடுங்க" என்றார்.

அப்படியே வைத்தார்கள். அன்று முதல் உள்ளே வருகிறவர்களுக்குக் கால் தடுக்கியது; தடுக்கி நிமிரும்போது தலையும் இடித்தது.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்து அம்மா தன் காங்கேயம் பசுவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி ஓட்டி வந்தார். பசு வாசல் வரை மகாலட்சுமி மாதிரி வந்தது. கீழ்ச்சட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வாழைப்பழம் காட்டினோம். கழுத்தை மட்டும் நீட்டிப் பழத்தை வாங்கிக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு கால் உள்ளே வந்தது. தலையைத் தூக்கியது, கொம்பு இரண்டும் தாமரையில் போய் முட்டின. டக்கென்று சத்தம் கேட்டதும் இவர் ஓடினார், பசுவிடம் அல்ல, தாமரையிடம்.

"மாட்டுக்கு ஒண்ணுமாகலீங்க" என்றார் தோட்டத்து அம்மா, யாரும் கேட்காததால் தானாகவே.

"நல்ல நேரம் போயிட்டிருக்கு" என்றார் ஐயர்.

"கொம்பு வெச்ச மாடு இதுல நுழையாதுங்க, சாமி."

"கொம்பில்லாத மாட்டுக்கு இப்ப எங்கம்மா போறது?"

கடைசியில் நான்தான் சமையலறைப் பின்கதவைத் திறந்து விட்டேன். அது கடையில் வாங்கிய சாதாரணக் கதவு, உயரமானது. பசு எந்த யோசனையும் இல்லாமல் அதன் வழியே உள்ளே நுழைந்தது. கேசரிக்கு வறுத்து ஆறவைத்திருந்த ரவையில் வாய் வைத்தது. நடு வீட்டுக்குப் போய் நின்று சாணமும் போட்டது. ஐயருக்கு முகம் மலர்ந்தது. "இதைவிடச் சுபம் வேறென்ன வேணும்" என்றார். கூடியிருந்த சொந்தபந்தமெல்லாம் பசு போன வழியிலேயே உள்ளே வந்துவிட்டது.

அது அப்படியே பழக்கமாகிவிட்டது. விருந்தாளி, தபால்காரர், கேஸ் சிலிண்டர் எல்லாம் என் அடுப்பைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். யார் வந்தாலும் முதலில் பார்ப்பது கழுவாத பாத்திரத்தை. முன்வாசல் வழியாக வந்து போனது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நெற்றியைத் தேய்த்தபடி மேல்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "மரம் எத்தனை கெட்டி பாரு, அம்மணி" என்பார்.