விட்டுப்போன புள்ளி நான்கு

என் டிராயிங்கில் வேறு யாராவது கைவைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது புதுச்சேரியில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. எங்களுக்கு அலமாரி, கதவெல்லாம் செய்து தந்தவர் அதே ஊர் மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு தச்சு மேஸ்திரி. ஒரு வேலை முடிந்ததும் அவர் திருப்பிக் கொடுத்த பிரிண்டைப் பார்த்தேன். என் அளவுகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு அளவு எழுதியிருந்தார்.

நான் ஐந்தடி என்று போட்ட இடத்தில் நாலடி பதினோரு அங்குலம். எட்டடி என்றால் ஏழடி பத்தரை அங்குலம். பழைய பிரிண்டுகளையும் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. ஓர் இடத்திலாவது கூட்டியிருக்க வேண்டுமே? இல்லை. தவறு என்றால் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். எப்போதும் குறைகிறது என்றால் ஆள் பிளைவுட்டை இஞ்ச் இஞ்சாகச் சுருட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். நேராகப் போய் இன்ஜினியர் சாரிடம் பற்றவைத்தேன்.

சார் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சைட்ல போயி அளந்துட்டுதான் சார் செய்யறேன்" என்றார் அவர்.

"அளக்கறதுக்குதான் ஆபீஸ்ல ஆள் இருக்கே. இனிமே பேப்பர்ல என்ன இருக்குதோ அத அப்படியே செய்யுங்க. ஒரு நூல் மாறக் கூடாது."

"சரி சார்" என்று சாரிடம் சொன்னவர், போகும்போது என்னைத்தான் பார்த்தார். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வேலை லாஸ்பேட்டையில் ஒரு வீடு. படுக்கையறையில் சுவருக்குச் சுவர் அலமாரி. மூன்று பெட்டிகளாகச் செய்து டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு பெட்டிகள் ஒழுங்காக உட்கார்ந்தன. மூன்றாவது உள்ளே போகவில்லை. கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் இடித்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. குறைக்கக் கூடாது என்றதற்குப் பழிவாங்கக் கூட்டிவிட்டார்! அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டேன். அவர் கொதித்துப் போனார். "அந்தாளு இனிமே நம்ம வேலைக்கே வேணாம், சொல்லிடு." நானும் சொன்னேன், கொஞ்சம் சந்தோஷமாகவே. மேஸ்திரி வெளியே போய் டெம்போ நிழலில் நின்றார்.

ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று பெட்டிகளை அளந்தேன். ஒவ்வொன்றும் மூன்றடி நாலு அங்குலம், படத்தில் இருந்தபடியே. அப்படியென்றால் கொத்தனார்தான் பூச்சைத் தடிப்பாகப் பூசியிருக்க வேண்டும். சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்தேன். மூவாயிரம் மில்லிமீட்டர். நான் முதலில் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதுதான். பெட்டியும் சரி, சுவரும் சரி. பிறகு டேப்பின் மறு ஓரத்தைப் பார்த்தேன். அதே இடத்தில் ஒன்பதடி பத்து அங்குலம் காட்டியது.

என் படத்தில் அது பத்தடி.

எங்கள் ஆபீசில் படம் மில்லிமீட்டரில் இருக்கும். பட்டறைக்கு அனுப்பும்போது அடி, அங்குலமாக மாற்றிக் கொடுப்பேன். அங்குலத்துக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று வாயால் கணக்குப் போடுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பழக்கம். அதே இருபத்தைந்தால் வகுத்து மொத்தப் படத்தையும் கம்ப்யூட்டரில் சுருக்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது இருபத்தைந்து புள்ளி நான்கு. பாலிடெக்னிக்கில் படித்ததுதான். நூற்றிருபது அங்குலத்துக்கு அந்தப் புள்ளி நான்கு நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். நான் அனுப்பிய ஒவ்வொரு படமும் இப்படித்தான் பெருத்துப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த மனுஷன் சுவரை அளந்து, என் தப்பைப் பென்சிலால் திருத்தி, யாரிடமும் மூச்சுவிடாமல் செய்து கொடுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. சாரிடம் சொன்னால் என் வேலை போகும் என்ற பயமும் இருந்தது.

சொல்லிவிட்டேன். சார் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அவரே மேஸ்திரிக்குப் போன் செய்து திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் திருத்தினேன்.

மறுவாரம் மேஸ்திரி வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றார். புதுப் பிரிண்டைக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"அளவு சரின்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க மேடம்."

"இப்ப எல்லாம் சரி பண்ணிட்டேன் மேஸ்திரி."

"சரி மேடம். போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு நான் அந்த ஆபீசில் இருந்த வரைக்கும், கையெழுத்து இல்லாமல் என்னிடமிருந்து அவர் ஒரு தாள்கூட வாங்கிக்கொண்டதில்லை.