ஸ்பீக்கர் காந்தம்

போன கிழமை இலங்கைத்துறையில், பரமேஸ்வரி அக்காவின் கடையில் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்தேன். உப்பு!

பக்கத்தில் கடலுக்குப் போய்வந்த யோகன். கிளாஸை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதுக்குள்ள ரெண்டு திரளி மீனை விட்டால் வளரும்."

"வளர்ந்தால் உனக்குத்தான் கறி. பேசாமக் குடி."

சிரித்தோம். சிரிக்கிற விஷயமா அது? கடைக் கிணறு உப்பாகிவிட்டது. தண்ணீர் பவுசர் லொறி நினைத்த நாளில்தான் வரும். நல்ல தண்ணீர் இல்லையென்றால், அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் பாலையூற்றில் மகளிடம் போகவேண்டும்.

"அங்க நான் விருந்தாளி, தம்பி. இங்கதான் நான் ஆள்."

அதனால்தான் கம்பஸில் இருந்து ஒரு மிஸ் உப்புத் தண்ணீரை நல்லதாக்கும் ஆராய்ச்சிக்கு வந்தபோது, கடையின் பின்பக்கத்தை அப்படியே கொடுத்தார்.

மிஸ் வைத்த தொட்டியின் நடுவில் மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் கிணற்றுத் தண்ணீர். மறுபக்கம் காந்த நானோ துகள்கள் கலந்த கறுப்புத் தண்ணீர். அந்தக் கறுப்பு, தாகம் பிடித்தமாதிரி நல்ல தண்ணீரை மட்டும் சவ்வு வழியே இழுக்கும். உப்பு அங்கேயே நின்றுவிடும். பிறகு காந்தத்தைப் பிடித்தால் துகள்கள் ஒதுங்கும். மிச்சம் நல்ல தண்ணீர். துகளைத் திரும்பப் பாவிக்கலாம். கேட்க எவ்வளவு அழகு!

வேலையும் செய்தது. கொஞ்சம் துகள் மிஞ்சி மங்கலாய் இருந்தது, அவ்வளவுதான்.

"இந்தச் சின்னக் காந்தம், கொஞ்ச நேரம்... போதும். மங்கலுக்கு நான் வழி பாக்கிறன்" என்றுவிட்டு மிஸ் தன் ஊருக்குப் போனார்.

போதுமா? எங்கள் சனத்திடம் அந்தச் சொல் எடுபடுமா? சோறு போதுமென்று கையை மறித்தால், விரலுக்கு மேலேயே போடுகிறவர்கள்! யோகன், கோயிலில் பழுதாய்க் கிடந்த ஸ்பீக்கரைக் கழற்றி, தட்டளவு காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் கறுப்புத் தண்ணீர்ப் பக்கம் ஒட்டினார். மிஸ் வரும்வரை எடுக்கவேயில்லை. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தது... ஊரே வந்து பார்த்ததாம்.

மிஸ் வந்து காந்தத்தை எடுத்தார். துகள்கள் பிரியவில்லை — ஒன்றோடொன்று ஒட்டி, கட்டி கட்டியாய். கட்டிக்குத் தாகம் இல்லை, தண்ணீரை இழுக்காது. கலக்கினார், குலுக்கினார்... ம்ஹும்.

"வேற கொண்டுவாங்கோவன், மிஸ்."

"கம்பஸில இவ்வளவுதான் தந்தவை, அக்கா. இனித் தரமாட்டினம்."

"நல்லா வரட்டும் எண்டுதான்..." என்றார் யோகன், நிலத்தைப் பார்த்தபடி.

"தெரியும், அண்ணை."

ஏசியிருந்தாலாவது யோகனுக்கு மனம் ஆறியிருக்கும்.

எங்கள் அன்புக்கு அளவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். துகளுக்குத் தெரியுமா அது?

இந்த மாதத்தோடு கடை பூட்டு. மேசை கதிரைகளை யார் எடுப்பது என்றுகூடப் பேசியாயிற்று.

"உப்புத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் சீனி போடட்டே, தம்பி?"

"போதும், அக்கா."

இரண்டு கரண்டி போட்டார். உப்பு மறையவில்லை.