நாற்பத்தோர் உண்ணிகள்

1994 நவம்பர் 6, ஞாயிறு, காலை ஆறே முக்கால். இரவு மழை விட்டுத் தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. தறிகள் ஓடாத நாள் என்பதால் சோமனூரில் ஓட்டிலிருந்து சொட்டும் நீரைக்கூட எண்ண முடிந்தது. நான் எழுபத்திரண்டு சொட்டு வரை எண்ணியிருந்தபோது, என் மனைவியின் தம்பி ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். ஈரமண்ணும் மட்கிய இலையும் கலந்த வாடை எழுந்தது. உள்ளே பாதி சுருண்டபடி கிடந்தது ஒரு முள்ளெலி.

நான் எழுதுவது என் சிறுவயதை அல்ல, என் மகளுடையதை. அப்போது அவளுக்கு எட்டு வயது. இருபத்திரண்டு நாளாக "கக்குவான்" இருமல். முள்ளெலியின் முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தால் அது நிற்கும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். நானோ பட்டப்படிப்பு முடித்தவன். விசைத்தறித் துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணிச் சரிபார்க்கிற வேலை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இருபத்திரண்டு இரவு ஒரு குழந்தை இருமுவதைக் கேட்டவன் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

"என்னங் மச்சா, பாத்துட்டே நிக்கறீங்க? நாலு முள்ளச் சுட்டுக் குடுங்க. இல்ல, மொத்தம் எத்தன முள்ளுன்னு எண்ணிப்போட்டுத்தான் குடுப்பீங்களா?" என்றான் மைத்துனன்.

மகள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, அதுக்கே ஒடம்பு செரியில்லீங்க. காதுக்குப் பின்னால பாருங்க."

பார்த்தேன். சிறிய காதுகளைச் சுற்றியும் முள் தொடங்கும் ஓரத்திலும், கடுகளவிலிருந்து கொண்டைக்கடலை அளவுவரை, சாம்பல் நிறத்தில் உண்ணிகள் ஒட்டிக் கிடந்தன. தொட்டால் இறுகிச் சுருளக்கூட முள்ளெலிக்குத் தெம்பில்லை. அப்புறம் முள்ளைச் சுடுகிற பேச்சையே மகள் எடுக்க விடவில்லை. துணியில் முடிச்சு எடுக்கும் இடுக்கியையும் இழை எண்ணும் கண்ணாடியையும் கொண்டுவந்து உட்கார்ந்தேன். அவள் முள்ளெலியை மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்ப் புட்டியில் போட, இருமலுக்கு நடுவே அவளும் கூடவே எண்ணினாள். கண்ணாடியில் பார்த்தால் பெரியவற்றுக்கு எட்டுக் கால்; மிகச் சிறியவற்றுக்கு ஆறுதான். அதை அவளுக்குக் காட்டியதில் எனக்குப் பெருமை. மொத்தம் நாற்பத்தொன்று.

"ரெண்டு பேருக்கும் நல்ல பொழப்புத்தான்," என்றாள் என் மனைவி.

ஏழு நாள் அது எங்கள் வீட்டில் கரையான் தின்று தேறியது. அடுத்த ஞாயிறு மைத்துனன் அதைப் பல்லடம் பக்கத்துக் கடலைக்காட்டில், பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தான். இருமலும் தானாகவே குறைந்துவந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரைக்கும் இறங்காமல், வெள்ளியன்று அவிநாசியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்:

"வீட்ல ஆடு, மாடு, நாய் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"வேற ஏதாச்சும் பிராணி? காட்டுப்பக்கம் போனாளா?"

"இல்லீங்க டாக்டர்."

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். படித்தவன் இருமலுக்கு முள் சுட முள்ளெலி வாங்கி வைத்தான் என்று அந்த அம்மா முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. காய்ச்சல் நூற்று மூன்றிலேயே நின்றது; மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. அவற்றையும் எண்ணினேன். பேசத்தான் இல்லை.

ஞாயிறு காலை டாக்டரம்மா குனிந்து, "கண்ணு, என்ன பண்ணுது?" என்றார்.

"தல வலிக்குதுங்க. முள்ளெலிக்கும் இப்பிடித்தான் வலிச்சிருக்குமுங்களா?"

"எந்த முள்ளெலி?"

"எங்கூட்டு முள்ளெலிங்க. நாப்பத்தொரு உண்ணி எடுத்தமுங்க. அப்பாதான் எண்ணுனாருங்க."

டாக்டரம்மா அவள் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். இடது காதுக்குப் பின்னால் மிளகளவில் ஒரு கறுத்த பொருக்கு. நான் எண்ணாத ஒன்று அங்கே கடித்துவிட்டுப் போயிருந்தது. "உண்ணிக் காய்ச்சல்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ்வளவு எண்ணுனவரு, ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?" என்றார்.

மருந்தை மாற்றினார்கள். இரண்டே இரவில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் இடது காதில் வண்டு இரைகிறது என்றாள் மகள். இரைச்சல் நின்றபோது அந்தக் காதில் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் திறன் திரும்பலாம் என்றார்கள், திரும்பவில்லை. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "அதச் சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டரம்மா.

அந்தக் கடலைக்காடு இன்று அறுபத்து நான்கு மனைகள். மூலைக்கு ஒரு கல். பக்கத்துக் காடுகளிலும் முள்ளெலியைப் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரிலிருந்து மாதம் இருமுறை வருகிறாள். வந்ததும் நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் போட்டுக்கொள்வாள்; அப்போதுதான் அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும். 

நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஆன செலவு: நாள் இரண்டு, காது ஒன்று.