கிணற்றுக்காகக் கன்னிமார் கொடுத்த குரல்

என் நாக்கு விழுந்தது தொண்ணூற்றாறாம் வருடம் சித்திரையில். காலையில் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் கையை விட்டு நழுவியது. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. வலது கையும் காலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். "உயிர் நின்னதே பெருசு. பேச்சு வர்றது சந்தேகந்தான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். காது மட்டும் நன்றாகக் கேட்டது. அதுவும் கேட்காமல் போயிருந்தால் தேவலை என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தேன்.

என் பேர் ராமாத்தாள். கருமத்தம்பட்டிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். மூன்று ஏக்கர், ஒரு கிணறு. வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆயிற்று. பிள்ளை இல்லை. ஒண்டியாகவே பண்ணையம் பார்த்தேன், ஒருவரிடமும் போய் நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் என் பேரை நானே எழுதுவேன். கைநாட்டு வைக்கிறவள் இல்லை நான்.

சுற்றிலும் ஆழ்குழாய் போட்டுப் போட்டு எல்லாக் கிணறும் வற்றிவிட்டது. எங்கள் கிணறு மட்டும் வற்றவில்லை. மேட்டில் புங்க மரத்தடியில் ஏழு கல்லாகக் கன்னிமார் இருக்கிறார்கள். அவர்கள் குளிக்கிற தண்ணீர் என்று உச்சி வெயிலில் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். நான் போவேன். ஆளில்லாத கிணற்றுக்குள் வளையல் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். படிக்கல்லில் சின்னச் சின்ன ஈரக் காலடி. ஏறி மரத்தடி வரைக்கும் போயிருக்கும். திரும்பிய தடம் இருக்காது. எனக்குப் பயம் வந்ததில்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஊர்ப் பெண்கள், காலனிப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கிணறுதான் குடிதண்ணீர். எனக்குப் பிறகு வாரிசு கொழுந்தனார் மகன் சின்னசாமி. சாயப்பட்டறை போடுகிறவர்கள் அவனிடம் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டறை வந்தால் கிணறு செத்தது. அதனால் உயில் எழுதச் சொன்னேன். கிணறும் அதைச் சுற்றி ஒரு ஏக்கரும் ஊருக்குப் பொது. யாரும் விற்கக் கூடாது. அங்கிருக்கும் தென்னை வருமானத்தில் தூர் வாரி, மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதி சின்னசாமிக்கு. பத்திர எழுத்தர் எழுதி முடித்துவிட்டார். பதிய வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் படுத்துவிட்டேன்.

"உச்சியில கன்னிமாரு கூப்பிட்டிருப்பாங்க, இந்தம்மா ஏன்னு பதில் குடுத்திருக்கும். அதான் நாக்கை எடுத்துக்கிட்டாங்க" என்று ஊரில் பேசினார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே பேசினார்கள். பேச்சில்லாதவளுக்குக் காதும் இல்லை என்று நினைப்பு.

ஒருநாள் தோட்டத்தில் சங்கிலி இழுபடும் சத்தம். யாரோ நிலத்தை அளக்கிறார்கள். பிறகு சின்னசாமி ஒரு பட்டறை ஆளோடு உள்ளே வந்தான்.

"பெரியம்மா கெடக்கறாங்க பாருங்க. இன்னைக்கோ நாளைக்கோ. கெணத்தோட சேத்தித்தானுங்க வெலை."

"கெணறு வத்தாதுங்களா?"

"ஊரே மொண்டாலும் வத்தாதுங்க."

கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அன்றைக்கு மனசுக்குள் கதறினேன். தாய்களே, காலைக் கேட்கவில்லை, கையைக் கேட்கவில்லை. இந்தக் கிணற்றைக் காப்பாற்ற ஒரு வாய்ப் பேச்சு கொடுங்கள். என்னுடையது போயிற்று என்றால் உங்களுடையதைக் கொடுங்கள்.

எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டவள் ருக்மணி. காலனியிலிருந்து களை எடுக்க வருகிறவள், உயில் சேதி தெரிந்தவள். அவளிடம் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"ஏனுங்காத்தா, தண்ணி வேணுமுங்களா?"

விரலை இறக்கவில்லை.

"வெத்தலைங்களா?"

அப்படியே காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "பத்திரத்துக்குக் கைநாட்டா? நீங்களா?" நான் கண்ணை மூடித் திறந்தேன். "அடி எம்பட ஆத்தா! கையெழுத்துப் போடறவளுன்னு என்ன பீத்திக்குவீங்க!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்று உச்சி வெயிலில் அவளே போய்க் கன்னிமாருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். மிச்சத்தைச் சொம்பில் கொண்டுவந்து என் நாக்கை நனைத்தாள். "அங்க ஆருமில்லீங்க. ஆனா சித்தத் தள்ளி நில்லுன்னு ஆரோ சொன்னாப்ல இருந்துச்சுங்க" என்றாள்.

பத்திர எழுத்தருக்கு அவளே சொல்லி அனுப்பினாள். வாடகைக் காரில் ஏற்றி, நாற்காலியோடு தூக்கிப் பதிவு ஆபீசுக்குள் வைத்தார்கள். சேதி கேட்டுச் சின்னசாமியும் வந்துவிட்டான்.

சார்பதிவாளர் உயிலைப் படித்துக் காட்டினார். "பாட்டி, இது நீங்க மனசார எழுதினதா? தலையாட்டினா பத்தாது. வாயால சொல்லணும்."

"எங்கீங்க சொல்லப்போறாங்க?" என்றான் சின்னசாமி. "கல்லுகிட்டக் கேக்கறாப்லதானுங்க."

வாயைத் திறந்தேன். வெறும் காற்று. மறுபடி திறந்தேன். அதுவும் காற்றுதான். அவர் காகிதத்தைத் திருப்பித் தர எடுத்தார்.

அப்போது தொண்டையில் சில்லென்று ஏதோ ஏறியது. கிணற்றுத் தண்ணீர் ஊறி மேலே வருவதுபோல. வாயெல்லாம் பாசி வாசம்.

"என்னுதுதானுங்க. நான் சொல்லித்தானுங்க எழுதினாங்க."

அது என் குரல் இல்லை. வயசுக்கு வராத ஒரு பெண்பிள்ளையின் குரல். சார்பதிவாளர் என் முதுகுக்குப் பின்னால் யாரென்று எட்டிப் பார்த்தார். ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நிற்கவில்லை. வடக்கே வண்டித்தடம், கிழக்கே பள்ளம் என்று நான்கு எல்லையும் பத்திரத்தில் உள்ளபடியே சொன்னது. "கெணறு விக்கறதுக்கில்லீங்க. குடிக்கறதுக்கு" என்றது.

சின்னசாமி சுவரோடு ஒட்டிப்போனான். "பெரியம்மா..." என்றான்.

"ஏஞ்சாமி?" என்றது குரல்.

அவன் வெளியே போய்விட்டான்.

என் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தேன். வெட்கமாக இல்லை.

ஆடியில் கோல் ஊன்றி நடந்தேன். குரல் மட்டும் திரும்ப மாறவில்லை. நரம்பு சமாச்சாரம், அப்படியும் ஆகும் என்றார் டாக்டர். சொல்லட்டும். போனில் பேசினால், "பெரியவங்க ஆரும் ஊட்டுல இல்லீங்களா கண்ணு?" என்று கேட்கிறார்கள். சின்னசாமி வழக்குக்குப் போகவில்லை. தூர் வார அவனே ஆள் கூட்டி வருகிறான். நான் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்துபோய்விடுகிறான்.

முன்பெல்லாம் தண்ணீர் எடுக்க வருகிறவர்களை வீட்டு வாசலில் நின்றே பார்ப்பேன். இப்போது கிணற்றடியில் அவர்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன். "கண்ணை மூடிக்கிட்டா எம்பட பொண்ணு பேசறாப்ல இருக்குதுங்க" என்கிறாள் ருக்மணி.

கன்னிமாரை நம்புகிற தாய்மார்களே, ஐந்து சென்ட் இருந்தாலும் சரி, ஒரு தென்னை இருந்தாலும் சரி. அதில் ஊருக்கு ஒரு பங்கு எழுதுங்கள். நாக்கு இருக்கும்போதே பதிந்தும் விடுங்கள். முடியாமல் படுத்துவிட்டால் மனசுக்குள் கேளுங்கள், அவர்கள் காதுக்குப் போகும். எனக்குப் போயிற்று.

இந்தக் குரலை மட்டும் நான் யாருக்கும் எழுதி வைக்கவில்லை. இது என் சொத்து இல்லை. என்னைத் தூக்கிப் போகும்போது கிணற்று மேட்டில் சற்று இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.