ஐந்தாம் வார்த்தையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

எங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று போதகர் ஒருவரே முழுக்கப் பேசிவிட மாட்டார். சிலுவையில் தொங்கியபடி இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் சபையாரில் ஏழு பேர் பேசுவோம். யாருக்கு எது என்று முந்தின ஞாயிறே சீட்டுக் குலுக்கிவிடுவோம். எனக்கு மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைமேல் வெகுநாள் ஆசை. அதில்தான் ஜனங்களை அழவைக்கலாம். போன வருஷம் எனக்கு விழுந்தது ஐந்தாவது. தமக்குத் தாகமாயிருப்பதாக அவர் சொன்னாரே, அது. பொம்மிடி ரோட்டில் போர்வெல் மோட்டார் கடை வைத்திருப்பவனுக்குத் தாகம் விழுந்ததில் சபையே சிரித்தது. "தண்ணி ஏறாத மோட்டாருக்கு வாரண்டி உண்டான்னும் சேத்துச் சொல்லிடுங்க" என்றார் போதகர். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே எரிச்சல்தான்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய், தர்மபுரிக்கு டயாலிசிஸுக்காகப் போய்வந்துகொண்டிருந்தோம். அந்த வைத்தியத்தில் ஊசியைவிடக் கொடுமை தண்ணீர்க் கட்டுப்பாடு. குடித்தது வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி மூச்சை முட்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். மோர், காபி, ரசம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அந்தப் பாட்டிலுக்குக் காவல்காரன் நான். ஊரெல்லாம் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து தண்ணீரை ஒளித்துவைக்கிற பிழைப்பு.

அவள் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். ஆலயத்துக்கு வருவாள், உட்காருவாள், கண்ணை மட்டும் மூடமாட்டாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வது எப்போதும் அவள்தான். அதுவும் நின்றுபோய், மோட்டார் விலைப்பட்டியல் வாசிக்கிற வேகத்தில் நான் செய்துகொண்டிருந்தேன். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாக்கு காயறது மேல இருக்கறவருக்கு எங்கங்க தெரியப்போவுது?" என்றாள்.

நோய்கூட என்னை அவ்வளவு பயமுறுத்தியதில்லை. இனி என்ன நேர்ந்தாலும் அவள் தனியாகத்தான் தாங்குவாள், கூட யாரும் இருப்பதாக நினைக்கமாட்டாள் என்று தோன்றியது.

ஆகவே இந்தப் பிரசங்கத்திலேயே அவளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவுகட்டினேன். கடையில் வியாபாரத்தை விட்டுவிட்டு போனில் பெரிய பெரிய பிரசங்கிகளைக் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அது தண்ணீர்த் தாகமல்ல, ஆத்துமாக்களைப் பற்றிய தாகம். எனக்கு அது வெகு ஆழமாகப் பட்டது. கண்ணாடி முன் நின்று, எங்கே குரலை இறக்குவது, எங்கே கையை உயர்த்துவது என்றுகூடப் பழகினேன். கூடவே ஒரு யோசனையும் உதித்தது. பெரிய வெள்ளியன்று உபவாசம் இருக்கிறவர்கள்கூடத் தண்ணீர் குடிப்பார்கள். நான் அதையும் தொடப்போவதில்லை என்று சபை முழுக்கத் தெரியும்படி அறிவித்துவிட்டேன்.

"எதுக்குங்க இந்த வேல?" என்றாள் மனைவி. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி மதியம், பங்குனி வெயில், தகரக் கூரை. நாலாம் வார்த்தை பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முடிக்கிற வழியாக இல்லை. என் முறை வருவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடையேறி, பழகியபடியே குரலை இறக்கினேன்.

"பிரியமானவர்களே, இதைத் தண்ணீர்த் தாகம் என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம்."

அத்தோடு சரி. இருமல் பிடித்துக்கொண்டது. மறுபடி வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தண்ணீர் இறங்கிப்போன போர்வெல்லில் ஓடுகிற மோட்டார் போடும் சத்தம் எனக்கு அத்துப்படி. அதே சத்தம் என் தொண்டையிலிருந்து கிளம்பி, மைக் வழியாக வாசல்வரை கேட்டது. மணியடிக்கிற அண்ணன் டம்ளரில் தண்ணீரோடு ஓடிவந்தார். வைராக்கியமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தேன். அதையும் மைக் விடவில்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. கையை உயர்த்த வேண்டிய இடமும் நினைவில்லை. வாயில் வந்தது வீட்டுப் பேச்சுதான்.

"இல்லீங்க. அது தண்ணித் தாகந்தான். வேற ஒண்ணுமில்ல. அவ்ளோ ரத்தம் போயி வெயில்ல தொங்குனா யாருக்கா இருந்தாலும் நாக்கு ஒட்டிக்கும். சாமிதான, அடக்கிக்கிட்டு இருந்திருக்கலாம். அடக்கல. வாய வுட்டுக் கேட்டாரு. புளிச்ச காடியத்தான் குடுத்தாங்க. எங்க வூட்லயும் ஒருத்தி..."

அதற்குமேல் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டேன். எங்கள் சபையில் இவ்வளவு சுருக்கமாக ஐந்தாம் வார்த்தை முடிந்ததில்லை. பசியோடு இருந்தவர்கள் அதற்காகவே என்னை வாழ்த்தினார்கள். "மோட்டார் காயில் புகைஞ்சிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார் போதகர்.

ஆராதனை முடிந்து, வழக்கம்போல வெளியே கஞ்சியும் நீர்மோரும் ஊற்றினார்கள். மனைவி புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று டம்ளரின் அடியில் இரண்டு வாய் மோர் மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். திட்டு விழும் என்று தெரியும். விழுந்தது.

"சபையிலயா வூட்டு விசயத்த எல்லாம் பேசுவீங்க? வெக்கமாப் போச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை நீட்டினேன். வாங்கியவள் குடிக்கவில்லை. கொஞ்சநேரம் மோரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் வாய வுட்டுக் கேட்டுத்தான் இருக்காரு, இல்லீங்க?" என்றாள்.

பிறகு கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. இரண்டு வாய் மோருக்கு அவ்வளவு நீளமான ஜெபத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். ஆமென் சொல்லக்கூட எனக்குக் குரல் வரவில்லை. இத்தனைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்திருந்தேன்.