நார்மன் அறுத்த ஒயர்க் கட்டு

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு கண்சிமிட்டியது. இங்கிலாந்தின் கோல்ன் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நார்மன் ஹோல்ட், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி, கராஜில் ஒரு காரை எழுப்பிக்கொண்டிருந்தார். சோதனை அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் நம்பர் பிளேட். அதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

ஒயரிங் மட்டும் அவர் மனைவி டோரீன் செய்தது. காலமெல்லாம் திரைச்சீலை தைத்த கை. குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் ஒயர்களை நிறம் பார்த்து அடுக்கி, கறுப்புத் துணி டேப்பால் ஜடை போலச் சுற்றியிருந்தார். மேசையில் இடமில்லாததால் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார் சங்கத்து ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

"என்ன நார்மன், கிறிஸ்மஸ் மரம் மாதிரி மினுக்குது?" என்றார் ரோனி.

"என்னக் கேக்காத மாப்ள. ஒயரிங் வீட்டம்மா வேலை."

"அதான பாத்தேன்! பிரேக்க மிதிச்சா ஜன்னல் திரை மூடுதான்னு பாருங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள், நார்மனும் சேர்ந்து. டோரீன் டீத் தட்டோடு கராஜ் வாசலில் நின்றிருந்தார். தட்டைக் காரின் மூக்கிலேயே வைத்தார். "சர்க்கரை நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அவர் கராஜ் பக்கம் வரவில்லை.

மறுநாள் நார்மன் என்னைக் கூப்பிட்டார். பிரேக்கை மிதிப்பது என் வேலை.

"உள்ள எங்கயோ ரெண்டு ஒயர் ஒரசுது" என்று பிளேடை எடுத்தார்.

"டோரீனை ஒரு வார்த்தை கேக்கலாமே?"

"அவ எங்கிட்டப் பேசினாத்தான கேக்கறதுக்கு?"

முன்னாலிருந்து பின்னால்வரை டேப் சுற்றிய ஒயர்க் கட்டை நீளவாக்கில் கிழித்தார். மின்சாரம் என்றாலே எனக்கு உதறல். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயர்கள் குடல் சரிந்ததுபோலத் தரையில் விழுந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை, உரசல் இல்லை.

கடைசியில் அவர் கண் போனது பின்னால் இருந்த எர்த் போல்ட்டுக்கு. இந்த மாதிரிக் கார்களின் உடம்பு ஃபைபர். அதில் மின்சாரம் ஓடாது. பின்விளக்குகள் எல்லாவற்றின் எர்த் ஒயரும் அந்த ஒரே போல்ட்டில்தான் சேசிஸோடு, அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு, சேர வேண்டும். அங்கே இரும்போடு இரும்பு படாவிட்டால், ஒரு விளக்கின் மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகத் திரும்பப் பார்க்கும். அதை முடுக்கியவர் நார்மன். போல்ட்டைக் கழற்றினார். அடியில், சூளையில் சுட்டு வரவழைத்த அவருடைய பளபளப்பான பெயிண்ட், ஒரு பொட்டுக்கூடச் சுரண்டப்படாமல் இருந்தது. வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, திரும்ப முடுக்கினார்.

"மிதி தம்பி."

பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உள்ள ஒரு ஒயர் ஒரசிச்சு, சரிபண்ணிட்டேன்னு அவகிட்ட நான் சொல்லிட்டா என்ன... டேப்பையும் நானே சுத்திட்டா..." என்று இழுத்தார். நான் காரை விட்டு இறங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. டோரீன், மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ‘பை’யை வெட்டி முதல் துண்டை எனக்கு வைத்தார். பிறகு நார்மனைப் பார்க்காமலே கேட்டார்:

"என் தப்பு எதுன்னு கண்டுபிடிச்சியா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதுன்னு சொல்லு, திருத்திக் குடுத்துடறேன். என்னால டெஸ்டுல உன் மானம் போகவேணாம்."

நார்மன் முள்கரண்டியை வைத்துவிட்டார். வாயில் இருந்ததை விழுங்க நேரமானது.

"உன் தப்பில்ல. போல்ட்டுக்கு அடியில பெயிண்ட். நான்தான் சுரண்டாம விட்டுட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழமையே."

"இத்தன நாளா வாயில என்ன வச்சிருந்த?"

"இன்னொண்ணு இருக்கு. அது தெரியறதுக்கு முன்னாடி... உன் கட்டை அறுத்துட்டேன்."

"எவ்வளவு?"

"முழுசா."

டோரீன் வீட்டுச் செருப்போடு கராஜுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தரையில் கிடந்ததைத் தூக்கி, கிழிந்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை.

"ஒரு குளிர்காலம்டா கிழவா இது."

"நானே சுத்திடறேன், டோரீன்."

"சுத்தத்தான் போற. அதுக்கு முன்னாடி ரோனிக்குப் போன் போடு."

"இப்பவா? பை ஆறிடுமே."

"ஆறட்டும்."

நார்மன் எண்ணை அழுத்தினார். "ரோனி, அந்த இண்டிகேட்டர் விஷயம்... இல்ல, டோரீன் இல்ல. நான்தான். பெயிண்டு மேலயே எர்த்தை முடுக்கிட்டேன்."

அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. காதோரம் சிவந்தாலும் நார்மன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, "மத்தவங்ககிட்டயும் இப்படியே சொல்லிடு" என்றார்.

டோரீன் டேப் உருளையின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார். அகப்பட்டதும் கொஞ்சம் பிரித்து, அவரிடம் நீட்டினார்.