தொட்டியில் கிடந்த ஓடு

இறாலுக்குக் கண் ஒரு காம்பின் நுனியில் இருக்கிறது. அந்தக் காம்புக்குள் ஒரு சுரப்பி. ஓட்டைக் கழற்றாதே, வளராதே, சினை பிடிக்காதே என்று உடம்பை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். ஒரு காம்பை நசுக்கினால் பிடி தளரும். கடலில் மட்டும் சினை பிடிக்கிற தாய், சிமெண்டுத் தொட்டியிலும் பிடிக்கும். சீன முதலாளி வரவழைத்த தைவான்காரர் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். கொடுமைக்கு அதற்கு மேல் சொற்கள் தேவைப்படவில்லை.

எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூர் கடலோரத்தில், இறால் குஞ்சு பொரிக்கும் கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம். நான், அக்கா, அத்தான். அவர்கள் அசாம் ஜாவாப் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். அதில் வேறு குடும்பம் ஏறிவிட்டது. கொட்டகைக்குப் பின்னாலிருந்த பலகை அறைதான் வீடு. இரண்டு முறை குஞ்சுகள் செத்துப்போயின. இந்த முறையும் போனால் பூட்டிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பூட்டினால் அறையும் போகும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு தாய். ஆண் இறால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அவள் கடலிலேயே இணைந்தவள். ஆண் தந்த விந்தை வயிற்றுப்பக்கத்து ஓட்டுக்குள் சிறு பையாகச் சுமந்து வந்தவள். அந்த ஓடு இருக்கும்வரைதான் அவளுக்குக் குஞ்சு.

ஆகவே ஒரு விதி இருந்தது. வால் விசிறியின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பழைய ஓட்டுக்குள் புது ஓரம் கோடாகத் தெரிந்தால் கண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் சினை பிடிப்பதற்கு முன் ஓட்டைக் கழற்றிவிடுவாள்.

பார்த்தேன். கோடு தெரிந்தது.

"தெரியுது அத்தான். ஓடு மாத்தப் போறா."

"எங்க? எனக்கு ஒன்னும் தெரியல லா."

"இந்தா, ஓரத்துல பாருங்க."

"நீ தைவான்காரன் மாதிரி பேசாத மச்சான். முதலாளி அடுத்த வாரம் சனிக்கிழமை வராரு. வெட்டு லா."

அக்கா ஈரத்துணியில் தாயைப் பிடித்துக்கொண்டாள். இடுக்கியை அடுப்பில் காய்ச்சி ஒரு கண் காம்பை நசுக்கினேன். தாயின் உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்தது, அவ்வளவுதான். "பாவம், இனிமே ஒரு பக்கமாத்தான் என்னைப் பாக்கும்," என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் காலை தொட்டியடியில் ஓடு கிடந்தது. முழு இறால் போல, மீசை கால் எல்லாம் சரியாக, உள்ளே ஒன்றுமில்லாமல். திருப்பிப் பார்த்தேன். பின்கால்களுக்கு நடுவே அந்த வெள்ளைப் பை அதோடே வந்திருந்தது. தாய் மூலையில் மெத்தென்று, முன்னைவிடப் பெரியவளாக நின்றாள். வளர்ந்திருந்தாள். வளர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வெறுத்ததில்லை.

ஓட்டைச் சதுப்பில் வீசினேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் அறைக்குத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு ஒரு நல்ல நேரம் வரும் என்று நினைத்தேன். அப்படி ஒரு நேரம் கிடையாது என்பது ஐம்பதை நெருங்கும்போதுதான் புரிகிறது.

ஒரு வாரத்தில் தாயின் முதுகு நெடுகச் சினையின் பச்சை இருண்டது. அடுத்த விடியலில் தண்ணீர் முழுக்க முட்டை. அத்தான் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"பாத்தியா மச்சான்! கோடு தெரியுதாம் கோடு!"

சாயங்காலத்துக்குள் பொரிக்க வேண்டும். அக்கா மணிக்கொரு முறை கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலில் பிடித்தாள். நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"அசையுதாடா? என் கண்ணுதான் சரியில்லையா?"

உருண்டைகள் வெளிறி, பஞ்சுபோல் அடியில் இறங்கிக்கொண்டிருந்தன.

"அசையாதுக்கா. அவ ஓட்டை மாத்திட்டா. பை அதோட போச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

அவள் என்னை அடிக்கவில்லை. குவளையை மட்டும் மெதுவாகச் சாய்த்து ஊற்றினாள்.

"அவர்கிட்ட இப்ப சொல்லாத."

"சனிக்கிழமை முதலாளி…"

"தெரியும்டா. இருட்டுற வரைக்குமாவது இருக்கட்டும்."

அடுத்த தொட்டியில் அத்தான் குஞ்சுகளுக்காகக் கடல்தண்ணீரை வடிகட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். துணி போதவில்லை என்று கத்தினார். அக்கா எடுத்துக்கொண்டு போய், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.